பதினாலாயிரத்து முந்நூற்று ஆறு மைல்

மேசைமேல் ஒரு பொட்டலம் இருக்கிறது. பழைய நாளிதழில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டியது. நேற்று மதியம் கோரிப்பாளையத்தில் சிக்கந்தர் பாய் தன் பட்டறை வாசலில் வைத்துக் கொடுத்தார். இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்காமலே அறை முழுவதும் உன் வாடை. பெட்ரோல், சூடேறிய ரப்பர், மழையில் நனைந்து காய்ந்த ரெக்சின். உன் வாடை என்று எழுதிவிட்டேன். காரின் வாடை. எனக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உள்ளே இருப்பது நம் காரின் ஸ்பீடோமீட்டர். ஒரு முள், முள்ளுக்குக் கீழே சிறு சன்னல், சன்னலுக்குள் ஐந்து எண்கள், ஓரத்தில் சிவப்பாக இன்னொரு சிறு எண். நீ போய்ப் பதினோரு மாதமாகிறது. மிச்சமிருந்த வண்டியைப் பழைய இரும்புக்காரர் வெள்ளிக்கிழமை ஏற்றிப் போய்விட்டாராம். அதற்கு முன் பாய் இதை மட்டும் கழற்றி எடுத்து வைத்திருந்தார்.

"கழட்டுறப்ப ஒண்ணு பாத்தேன் தம்பி," என்றார்.

"வேணாம் பாய். ஒண்ணும் சொல்லாதீங்க."

"நம்பரையாவது பாருங்க."

"வீட்ல போய்ப் பாத்துக்கிறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாளிதழை எடுத்தார். "அப்ப கட்டித் தாரேன். கண்ணாடி ஒடஞ்சிருக்கு, கைய அறுத்துரும்."

அந்த எண் எனக்கு மனப்பாடம். கடைசியாக நாம் இருவரும் சேர்ந்து போனபோது அது பதினாலாயிரத்து முந்நூற்று ஆறு. பொட்டலத்துக்குள் அதைவிடக் கூடுதலாக இருந்தால் நான் தப்பித்தேன். அதுவே இருந்தால் இல்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

*

பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போன முதல் வருடம். திண்டுக்கல்லில் ஒரு தோல் கிடங்கின் பின்புறம் அதைக் கண்டுபிடித்தவன் நீ. இரண்டு கதவு, இரண்டு இருக்கை, மடக்கினால் மடங்காத துணிக்கூரை. கப்பலில் வந்த வண்டி. எப்போதோ சிவப்பாக இருந்திருக்கிறது. அப்போது உனக்கும் எனக்கும் இருந்த வயதைக் கூட்டினால் அதன் வயது வரும். மீட்டர் மைலில் ஓடியது. தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சம் காட்டியது. நாம் கூட்டிப் போயிருந்த சிக்கந்தர் பாய் வண்டிக்கு அடியில் நுழைந்து கால்மணி நேரம் கழித்து வெளியே வந்தார்.

"இது மொத ரவுண்டு இல்ல தம்பி. ரெண்டாவது, மூணாவது இருக்கும். இஞ்சினப் பிரிச்சுக் கடஞ்சு எத்தன தடவ போர் போட்டிருக்காய்ங்கன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

"ஓடுமா பாய்?" என்றாய்.

"ஓடும். ஆனா பெட்ரோல் குடிக்குற அளவுக்கு ஆயிலும் குடிக்கும். அதுக்கப்புறம் நம்ம உசுர வாங்கும்."

நீ சிரித்தாய். நான் பயந்தேன். வாங்கினோம். செல்லூரில் உங்கள் சந்துக்குள் ஆட்டோவே திரும்பாது என்பதால் வண்டி கே.கே. நகரில் எங்கள் வீட்டு ஷெட்டுக்கு வந்தது. சாவி ஆளுக்கொன்று.

அம்புட்டுத் தூரம் ஓடிய வண்டியை ஓட்டுவது வேறு விதமான வேலை. புது வண்டி சொன்னதைச் செய்கிறது. இதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது கியரில் ஒரு முனகல். நாற்பது மைலில் இடது கதவு நடுங்கும், நான் ஓட்டி ஐம்பதைத் தொட்டால் நடுக்கம் நின்றுவிடும். கால் வைக்கும் இடத்தில் தகரம் போய் ஒட்டுப்பலகை வைத்திருந்தோம். அதன் ஓரத்து இடுக்கில் சாலை ஓடுவது தெரியும். நீ ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்துக்கொண்டு, இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவில் மூச்சு விடுகின்றனவா என்று கேட்டபடி உட்கார்ந்திருப்பாய். மாறி மாறித் திருகியைத் திருப்புவாய். திருப்தி வராவிட்டால் உங்கள் வீட்டு மொழியில் வண்டியைத் திட்டுவாய். சௌராஷ்டிரத்தில் என்ன சொன்னாய் என்று கேட்டால், "உனக்கு இல்ல மாப்ள, அதுக்கு," என்பாய்.

சிக்னலில் பைக் ஓட்டுகிறவர்கள் குனிந்து கேட்பார்கள். "மைலேஜ் எம்புட்டுண்ணே குடுக்கும்?"

"இதுவர ரெண்டு லட்சம் குடுத்துருச்சு. இன்னும் குடுக்குது."

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். நீ மெதுவாக ஓட்டுகிறவன். ஊரில் யாரும் இதை நம்பமாட்டார்கள். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவன் எப்படி மெதுவாக ஓட்டியிருப்பான்? ஆனால் நாற்பத்தைந்து மைலைத் தாண்டி நீ போய் நான் பார்த்ததில்லை. பள்ளத்தை நூறடிக்கு முன்பே பார்த்து, "வருது, வருது," என்று வண்டியிடம் சொல்லி வேகத்தைக் குறைப்பாய். மினி பஸ்கள் நம்மைத் தாண்டிப் போகும். நடத்துநர்கள் கை காட்டுவார்கள்.

*

அலங்காநல்லூர் சாலை. இரு பக்கமும் கரும்பு. மீட்டர் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்கு வந்தது. நீ இஞ்சினை அணைத்தாய். ஓட்டிக்கொண்டே பார்த்தால் ஒருவன்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும், இரண்டு பேரும் பார்க்க வேண்டும் என்றாய். இறங்கினோம். நீ ஒரு கதவுப் பக்கம், நான் ஒரு கதவுப் பக்கம். தலையை உள்ளே நீட்டிக்கொண்டு கடைசித் தூரத்தைத் தள்ளிக்கொண்டே போனோம்.

வெள்ளாடுகளோடு வந்த ஒருவர் நின்றார். "பெட்ரோல் தீந்துருச்சா?"

"இல்லண்ணே. நம்பர் மாறப் போகுது."

அவரும் கூடவே நடந்து வந்து எட்டிப் பார்த்தார். ஐந்து ஒன்பதும் ஒன்றாக உருண்டன. ஐந்து பூச்சியம். நாம் கத்தினோம்.

"பூச்சியமாத்தானய்யா போச்சு," என்றார் அவர். "இதுக்கா தள்ளுனீங்க?" ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கரும்புத் தோட்ட வரப்பில் உட்கார்ந்து நீ சொன்னாய். "இதுவர ஓடுனது யாரு யாரோ ஓட்டுனது. இனிமே ஏறுறது நம்ம ரெண்டு பேரோடது."

அந்த வாக்கியத்தை நீ சும்மா சொன்னாய். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

*

நாலைந்து வருடம் வாரம் தவறாமல் போனோம். பிறகு எனக்குப் பெங்களூரில் கல்லூரி வேலை கிடைத்தது. அம்மா தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடந்தது, ஷெட்டில் வண்டி. இத்தனை பழைய வண்டியைச் சும்மா விட்டால் செத்துப்போகும். வாரம் ஒரு முறையாவது நீ மட்டும் எடுத்து ஓட்ட வேண்டியிருந்தது.

கிளம்பும் நாளில் ஷெட்டில் நின்று நான் அதைச் சொன்னேன். "நான் இல்லாதப்ப ஓட்டுனா மீட்டர் கேபிளக் கழட்டி விட்டுட்டு ஓட்டு."

"எதுக்கு?"

"ரெண்டு பேரும் போற மைல் மட்டும்தான் ஏறணும்."

கியர்பாக்ஸிலிருந்து வரும் அந்தக் கேபிள் மீட்டரின் முதுகில் ஒரு சிறு திருகு மூடியால் பூட்டியிருக்கும். கழற்றினால் எண் ஏறாது. அதே கேபிள்தான் வேகத்தைக் காட்டும் முள்ளையும் தூக்குகிறது. நீ அதைத்தான் கேட்டாய்.

"முள்ளும் செத்துரும்ல மாப்ள?"

"நீ முள்ளப் பாத்தா ஓட்டுற?"

குனிந்து டாஷ்போர்டைப் பார்த்தாய். பிறகு, "சரி வாத்தி," என்றாய்.

அப்போது அது எனக்கு ஒரு கவித்துவமான ஏற்பாடாகத் தெரிந்தது. ஊரை விட்டுப் போகிறவன் நான். என்னை விட்டுவிட்டு ஒரு மைல்கூட நகரக் கூடாது என்று வண்டிக்கும் உனக்கும் சட்டம் போட்டவனும் நான். படித்தவனின் பொறாமை இப்படித்தான் போலிருக்கிறது, அழகான பெயர் வைத்துக்கொண்டு வரும்.

நாலு வருடம். ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்ததும் முதலில் ஷெட்டுக்குப் போய்க் குனிந்து எண்ணைப் பார்ப்பேன். போனபோது இருந்ததே இருக்கும். ஒரு முறை நிமிர்ந்தபோது நீ கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

"என்ன வாத்தி, நோட்டுத் திருத்தியாச்சா?"

"ஆச்சு."

"எத்தன மார்க்கு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நானும் சிரித்தேன். நான் பெங்களூர் கிளம்புவதற்குச் சற்று முன்புதான் உனக்குக் கல்யாணமாகியிருந்தது, அதற்குள் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. உங்கள் வீட்டு விசைத்தறிகளில் பாதியை நீதான் பார்த்துக்கொண்டாய். உன் வாரத்தில் மிஞ்சிய ஒரு காலை நேரத்தை எனக்காக மீட்டரில் ஏறவிடாமல் ஒன்றுமில்லாததாக்கிக்கொண்டிருந்தாய். அப்போது நான் இப்படி நினைக்கவில்லை. நீ நாணயமானவன் என்று மட்டும் நினைத்தேன்.

*

வரிச்சியூர் தாண்டி ஒரு வளைவு. காலை ஏழு மணி. வெளிச்சம் நன்றாக இருந்திருக்கிறது. அச்சு முறிந்து நின்றிருந்த டிராக்டர் டிரெய்லர். இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.

போலீஸ் காகிதத்தில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்று எழுதியிருந்தது. எல்லாக் காகிதத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றார் உன் வக்கீல் நண்பர். ஆனால் அது அதோடு நிற்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலிலேயே பேசினார்கள். "ரேஸ் காருல்ல வச்சிருந்தான்." "பிள்ள பெத்தவனுக்கு எதுக்கு இந்த வேகம்?" உன் அம்மா யாரோடும் பேசாமல் அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வேகம், வேகம் என்று.

காரியம் முடிந்த அன்று உன் மனைவி ரமா என்னை மாடிப்படி அருகே நிறுத்தினாள்.

"அண்ணே, அவரு வேகமாவா போயிருப்பாரு?"

அவன் மெதுவாக ஓட்டுகிறவன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. ஆனால் அதைச் சொல்லியிருந்தால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று அவனுக்குத் தெரியாமல் போயிருக்கலாம், தெரிய விடாமல் செய்தது நான். அந்தச் சாலையை அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்தார்கள். வழவழப்பான சாலையில் கதவு நடுங்கியிருக்காது. வேகத்தைச் சொல்ல முள் ஒன்றுதான் இருந்திருக்கும்.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டு மேலே போனாள். நான் அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன்.

பதினோரு மாதமாக ஒரு நம்பிக்கையை வைத்திருந்தேன். நீ என்னை ஏமாற்றியிருக்க வேண்டும். எந்த மனுஷன் வாராவாரம் மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, அந்தத் திருகை அவிழ்ப்பான்? நான் வருவதற்கு முன் மீட்டரை ஏதாவது செய்து பின்னுக்குத் தள்ளியிருப்பாய். சிக்கந்தர் பாய் உதவியிருப்பார். இருவரும் என்னைச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். அப்படியானால் கடைசியில் ஏறிய மைல்கள் உள்ளே இருக்கும். திருத்த உனக்கு நேரமிருந்திருக்காது.

நண்பன் பொய்யனாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்பட்டவன் வேறு யாராவது இருப்பானா?

மேலே உள்ளதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து சணலை அறுத்தேன்.

14306.

கடைசியில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் சிவப்பு எண்கூட அசைந்திருக்கவில்லை. உடைந்த கண்ணாடிக்குப் பின்னால் முள் அதன் ஆணியில் படுத்திருந்தது. பின்பக்கம் திருப்பினேன். கேபிள் வந்து சேரும் இடத்தில் மரை பிசிறு இல்லாமல் சுத்தமாக இருந்தது. பிய்ந்து போனதல்ல. பாய் கை வைக்கும் முன்பே யாரோ கையால் கழற்றியது. அவர் சொல்ல வந்தது இதைத்தான்.

*

இன்று மாலை செல்லூருக்குப் போனேன். தறிச் சத்தம் ஞாயிற்றுக்கிழமையும் நிற்கவில்லை. உன் அம்மா உள் அறையில் படுத்திருந்தார். பாப்பா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். ரமா காபி கொண்டுவந்து வைத்தாள். நான் மீட்டரை எடுத்து வெளியே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சட்டம் போட்டது, நீ கேட்டது, நான் பதில் சொன்னது, குனிந்து குனிந்து எண் பார்த்தது. அன்றைக்கு முள் செத்துக் கிடந்தது என்பதையும் சொன்னேன்.

அவள் மீட்டரைத் தொடவில்லை.

"அந்தத் திருகு எங்க இருக்கும்னு தெரியுமாண்ணே உங்களுக்கு?"

"டாஷ்போர்டுக்கு உள்ள."

"எம்புட்டு எடம் இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. நான் ஒருநாளும் கழற்றியதில்லை. நான் வரும்போதெல்லாம் அது மாட்டியே இருக்கும்.

"அவரு கை அதுக்குள்ள போகாது," என்றாள். குரலைத் தாழ்த்தி, உள் அறையைப் பார்த்துக்கொண்டு. "மொத வாரமே முயற்சி பண்ணி முழங்கையச் சிராய்ச்சுக்கிட்டாரு. என் கைதான் போகும். நாந்தேன் கழட்டுவேன். வந்ததும் நாந்தேன் மாட்டுவேன்."

"நீயும் போவியாம்மா?"

"வாராவாரம். கல்யாணமானதுலருந்து. பாப்பா வயித்துல இருந்தப்பகூட ஏழு மாசம் வரைக்கும் போனேன். இந்தச் சந்துல, இந்தச் சத்தத்துல, எங்களுக்குப் பேசிக்க வேற எடம் ஏது?"

நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கும் ஷெட்டு வரைக்கும் வந்தேன். கழட்டிவிட்டுட்டு ஏறப் போறேன், அத்த போன் பண்றாங்க, பாப்பாக்குக் காச்சல் கூடுதுன்னு. அவரு வண்டிய உள்ள விட்டுட்டு நானும் வாரேன்னாரு. நாந்தேன், இஞ்சின ஸ்டார்ட் பண்ணியாச்சுல்ல, ஒரு சுத்துப் போயிட்டு வாங்கன்னேன். ஸ்கூட்டர எடுத்துட்டு வந்துட்டேன்." அவள் நிறுத்தினாள். "மாட்டிட்டு வந்துருக்கலாம்."

"நான் சொன்னதாலதானே கழட்டுன."

"நீங்க சொன்னது அவருட்ட. கழட்டுனது நானு."

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. படிக்கட்டில் அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று அப்போதுதான் புரிந்தது. வேகமாகப் போனார் என்று நான் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். வேண்டுமென்றே வேகமாகப் போனவனுக்கு முள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. நானோ தெரியலம்மா என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். பதினோரு மாதம் அவள் இந்த வீட்டில் அதை வைத்துக்கொண்டு உலை வைத்திருக்கிறாள்.

"அம்மாட்ட சொல்லணும்," என்றேன். "அவன் அப்படி ஓட்டுறவன் இல்லன்னு எல்லாருக்கும் தெரியணும். நான் சொல்றேன். உன் பேரு வராது."

"அத்த கேப்பாங்கண்ணே. யாரு கழட்டுனதுன்னு கேப்பாங்க. அவரு கை போகாதுன்னு அவங்களுக்குத் தெரியும். அந்தக் கைக்கு அவங்கதான மஞ்சப் பத்துப் போட்டாங்க." முந்தானையால் மேசையைத் துடைத்தாள். அங்கே ஒன்றும் சிந்தியிருக்கவில்லை. "நானும் பாப்பாவும் இந்த வீட்லதான் இருக்கணும்."

என் காபி டம்ளரை மேசையோரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்தாள்.

"அவரு வேகமாப் போனாருன்னே இருக்கட்டும்ண்ணே."

உள் அறையிலிருந்து உன் அம்மா யார் வந்திருப்பது என்று கேட்டார். உங்கள் மொழியில் அவள் ஏதோ பதில் சொன்னாள். என் பெயர் மட்டும் புரிந்தது. பிறகு அவள் என்னைப் பார்த்தாள். நான் சரி என்று தலையசைத்தேன்.

மீட்டரை அவளிடம் நகர்த்தினேன்.

"எனக்கு எதுக்கு? அதுல ஒரு மைலுகூட நான் இல்லையே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

வாசல்வரை வந்தாள். நீங்கள் எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்டேன். ஒத்தக்கடை என்றாள். அழகர்கோவில் அடிவாரம். திருப்புவனம் பாலம்வரை. ஒரு தடவை மானாமதுரை போய்ப் பானை வாங்கி மடியில் வைத்துக்கொண்டே வந்தாளாம். சொல்லச் சொல்ல மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். நாலு வருடம், வாராவாரம். கூட்டல் ஓரிடத்தில் அறுந்துவிட்டது. அதில் ஒன்றுகூட எந்த மீட்டரிலும் ஏறவில்லை.

நாளைக் காலை நான் பெங்களூர் திரும்ப வேண்டும். அதற்குள் உனக்கு இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பள்ளத்தை நூறடிக்கு முன்பே பார்த்தவன் நீ. இனி இந்த ஊரில் நீ வேகத்தால் செத்தவன். உன் அம்மா அப்படியே நம்பிக்கொண்டு போவார். உன் மகள் அப்படிக் கேட்டே வளர்வாள். ஒருநாள் அவள் வந்து என்னிடமும் கேட்பாள். அதற்கும் நான் தலையசைக்க வேண்டியிருக்கும். எங்கள் இருவர் கையில் இருந்ததை உன்மேல் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன் மாப்ள. நீ மறுக்கமாட்டாய் என்று எங்களுக்குத் தெரியும்.